ஒரு விரற்கடை

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வாத்தியார்கூட, "அக்கா, குளிச்சுட்டு வந்துட்டேன்" என்று வந்து நிற்பார். டிரஸ்டின் காகிதங்களில் மட்டும் 'இல்லப் பொறுப்பாளர்' என்று இருந்தது. வயது ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டப் போன புருஷன், போன இடத்திலேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. யாராவது அதைத் துருவிக் கேட்டால், "ஏழு பேர் இருக்காங்களே, போதாதா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

மாடியில் மூன்று பெண்கள், கீழே நான்கு ஆண்கள். மனநோய் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள். இனி இங்கே இருக்கத் தேவையில்லை என்றது ஆஸ்பத்திரி. இங்கேயும் வேண்டாம் என்றார்கள் வீட்டார். அப்படி இரண்டு வாசலும் அடைபட்டு நடுவில் நின்றவர்களுக்காக ஒரு டிரஸ்ட் வாடகைக்குப் பிடித்த வீடு அது. முறை வைத்துச் சமைக்க வேண்டும், அவரவர் துணியை அவரவர் துவைக்க வேண்டும், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அக்காவின் கையால் மாத்திரை வாங்கி, அவள் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவள் ரிஜிஸ்டரில் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவாள். டிக் விழாத நாளில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அதே பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பதினாறு வருஷம் வார்டு ஆயா. ஆட்களையும் வாளிகளையும் தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. யார் விழுங்குகிறார், யார் ஒதுக்குகிறார் என்பதைத் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று அவளுக்குப் பெயர்.

அந்தப் பெயர் ஒருமுறை அவளைச் சுட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், கீழ் அறையில் பாட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். கல்யாண மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். மாத்திரை போட்டால் நாக்கு தடித்துப் பாட்டு வரமாட்டேன் என்கிறது என்று இரண்டு வாரம் துப்பிக்கொண்டிருந்தார். அவள் கண்டுபிடித்தாள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார், பயப்படாதீர்கள் என்று தைரியம் சொல்லிவிட்டுத்தான் டாக்டரிடம் போனாள். சட்டத்தில் இல்லாததையா டாக்டர் செய்வார்? மருந்தை மறுப்பவருக்கு இல்லத்தில் இடமில்லை. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஒரே வாரத்தில் அவர் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆறு மாதம் கழித்து ஒரு வேலையாக அந்த வார்டுக்குப் போனபோது அவள் அவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

பாட்டுக்காரரின் கட்டிலுக்கு வந்தவர்தான் டெய்லர்.

நாற்பத்து நாலு வயது. ஒரு காலத்தில் பெரிய கடையில் கட்டிங் மாஸ்டர். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லுவார், டேப்பே வேண்டாம் என்று அவர் தங்கை பெருமையாகச் சொல்லியிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிற ஒரே உறவு அவள்தான். நோய் எப்படி வந்தது என்பதையும் அவள்தான் சொன்னாள். முதலில் தூக்கம் போனதாம். அப்புறம் தைத்த சட்டையெல்லாம் ஒரு விரற்கடை குறைவாகவே வந்ததாம். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அவரோ, நான் சரியாகத்தான் வெட்டுகிறேன், துணிதான் சுருங்குகிறது, ஊரில் எல்லாருடைய துணியும் சுருங்கிச் சுருங்கி ஒருநாள் எல்லாருக்கும் மூச்சு முட்டப்போகிறது என்றாராம். கடைசியில் நடுத்தெருவில் கத்திரிக்கோலோடு நின்று, போகிற வருகிறவர்களின் காலரைப் பிரித்துவிடப் பார்த்தார். யார் மேலும் ஒரு கீறல் படவில்லை. ஆனாலும் ஆறு வருஷம் உள்ளே.

இல்லத்துக்கு வந்தபோது சாதுவாக இருந்தார். மாத்திரை நோயையும் அடக்கியது, அவரையும் அடக்கியது. கை எந்நேரமும் நடுங்கும். வாயோரம் எச்சில் வழியும். யாரோ நன்கொடையாகக் கொடுத்த தையல் மெஷின் ஒன்று கூடத்தில் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார். மாடியில் இருந்த ஒரு பெண், வீட்டில் நடப்பதையெல்லாம் செய்தி வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு ரேடியோ என்றே பெயர். "டெய்லர் இன்றும் ஊசியிடம் தோற்றார்" என்று அவள் படியில் நின்று அறிவிப்பாள். டெய்லரே சிரித்துவிடுவார்.

ஒருநாள் காலை அக்கா கீழ் அறை ஜன்னல் திரைச்சீலையைத் துவைக்க வாளியில் நனைத்தாள். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது. சாயம் போகிற துணி இல்லையே என்று தூக்கிப் பார்த்தாள். ஓர மடிப்பு கையில் நெருடியது. சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு மாத்திரை. முப்பத்தொன்று இருந்தது. மீதி வாளியில் கரைந்துகொண்டிருந்தது. மாத்திரையைவிட அவளை நிறுத்தியது அந்தத் தையல்தான். கடுகு கடுகாக, ஒரே சீராக, கோணல் இல்லாமல் ஓடியது. நடுங்குகிற கை போட்ட தையல் இல்லை அது.

பதினாறு வருஷ அனுபவத்துக்கும் தண்ணி காட்டியிருக்கிறார் மனிதர். நாக்குக்கு அடியில் அவள் பார்ப்பாள் என்று தெரிந்து, விழுந்துபோன கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒதுக்கியிருக்கிறார். விழுங்குவதுபோல் தொண்டைக்குழியையும் ஆட்டியிருக்கிறார்.

ஈரத் திரையோடு அவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். மறுக்கவில்லை அவர். கையை நீட்டிக் காட்டினார். ஆடாமல் நின்றது.

"பாருங்க அக்கா. எட்டு வருஷத்துக்கு அப்புறம் இது என் கையா இருக்கு. அந்த மாத்திரையப் போட்டா வேற யாரோட கையோ வந்து ஒட்டிக்குது."

டாக்டரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம் என்று ஆரம்பித்தாள்.

"பாட்டுக்காரர்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களாம்."

பாட்டுக்காரரோடு கீழ் அறையில் இருந்த வாத்தியார் சொல்லியிருப்பார். டெய்லர் கெஞ்சவில்லை, காலில் விழவில்லை. ஒரு மாதம் கொடுங்கள், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் நீங்களே வாயில் போடுங்கள், மறு பேச்சில்லாமல் விழுங்கிவிடுகிறேன் என்றார். அவள் மீதி மாத்திரைகளைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டினாள். மாலையில் ரிஜிஸ்டரைத் திறந்தாள். மற்ற ஆறு பேருக்கும் டிக் போட்டாள். ஏழாவது பெயருக்கு நேரே பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அங்கேயும் போட்டாள்.

அடுத்த ஐந்து வாரம் அந்த வீட்டின் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். மெஷின் ஓயாமல் ஓடியது. வருஷக்கணக்காக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்த வாத்தியாருக்கு இடுப்பில் நிற்கிற பேன்ட் கிடைத்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார், ஒரு வேலையும் இல்லாமல். மெயின் ரோட்டு ரெடிமேட் கடைக்காரர் முதலில் காலர் மட்டும் கொடுத்துப் பார்த்தார், பிறகு முழுச் சட்டைக்கே துணி கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டில் ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் இருந்தார். இல்லம் வந்த புதிதில் தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி, அதை இங்கே வைக்கக் கூடாது என்று மனுப் போட்டவர். அவரே ஒருநாள் இரண்டு பேன்ட்டைக் கொண்டுவந்து நின்றார். கூடவே ஐந்து வயசுப் பேத்தி. டெய்லர் அந்தக் குழந்தையின் கவுனில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குள் வைக்க அது ஒரு கூழாங்கல்லைத் தேடிக்கொண்டு ஓடியது.

அக்காவுக்கும் ஒன்று தைத்தார். டிரஸ்ட் கொடுத்த சீருடைக் கோட்டு எப்போதும் அவளுக்கு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கும். இவர் தைத்ததைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றபோது இரண்டு பக்கமும் நேராக நின்றது. இடது தோளுக்கு உள்ளே துணியை மடித்து உயரம் கொடுத்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய தோள் கோணல் என்பதை இத்தனை வருஷத்தில் கவனித்த ஆள் ஒருவரும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று அவள் கொஞ்சம் அழுதாள். தான் செய்தது சரிதான் என்று அன்றைக்குத் தீர்மானமாக நம்பினாள். டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் ரேடியோ படியில் நின்று, "டெய்லர் தூங்கி இன்றோடு நான்கு நாள்" என்று வாசித்தாள். அக்கா போய்ப் பார்த்தாள். படுக்கை கசங்காமல் இருந்தது. வேலை அதிகம், அதுதான் என்று டெய்லர் சொன்னார். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அதற்கு மறுவாரம் ரெடிமேட் கடைக்காரர் ஒரு மூட்டையோடு வந்தார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. ஒரு சட்டையை எடுத்து மேஜை மேல் விரித்து, டேப்பை வைத்துக் காட்டினார். காலர், கை, மார்பு எல்லா இடத்திலும் ஒரே கணக்கு. எல்லாம் ஒரு விரற்கடை குறைவு. முப்பது சட்டையும் அப்படியே. டெய்லருக்கு ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். அக்கா துணிதான் சுருங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, தான் என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை மாத்திரையை நீட்டினாள். வாக்குக் கொடுத்தீர்களே என்றாள். டெய்லர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இப்ப முடியாதுக்கா. அளவெல்லாம் தப்பாயிட்டு வருது. நானும் தூங்கிட்டா யார் சரி பண்ணுவா?"

டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார், அவசரமா என்று எடுத்த பெண் கேட்டாள். அவசரம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று அடுத்த கேள்வி வரும். ரிஜிஸ்டரில் நூற்றுக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. வேன் நினைவுக்கு வந்தது. தன்னுடைய வேலையும் நினைவுக்கு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும், பின்னாளில் அவளே அதை மறைக்கவில்லை. அவசரமில்லை, திங்கட்கிழமை பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அடுத்து அவள் செய்ததை அவளாலேயே கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. மாத்திரையைக் கரண்டியால் பொடித்து அவருடைய பாலில் கலந்தாள். சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதல். மூன்று வேளை ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வேளை டெய்லர் பாலைக் குடித்துக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி, டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு.

அவர் கத்தவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினாறு வருஷம் வார்டில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள், கடித்திருக்கிறார்கள், காறித் துப்பியிருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றிருந்தது. அதன் பிறகு அவர் அந்த வீட்டில் ஒரு பருக்கை தொடவில்லை. வாத்தியார் தன் தட்டைக் கொண்டுபோய், "என்னோடதுல சாப்பிடுங்க, நான் முதல்ல சாப்பிட்டுக் காட்டுறேன்" என்றார். அதுவும் வேண்டாம் என்றார். வாசல் குழாயில் மட்டும் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

அவருடைய தங்கைக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னாள். பிள்ளைக்கு ஜுரம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் அவள். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மதியம் அக்கா மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் நின்ற ரேடியோ வழக்கமான குரலில் வாசித்தாள்: "டெய்லர் கத்திரிக்கோலுடன் தெருவைக் கடக்கிறார்."

விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். பதினெட்டுப் படி. இறங்கி, கூடம் தாண்டி, வாசல் தாண்டித் தெருவுக்கு வருவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

எதிர்வீட்டு முற்றத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. தெரிந்த மாமா வருகிறார் என்று அதுவே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறது. டெய்லர் அதன் முன்னால் மண்டியிட்டு, கவுனின் கழுத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சர்வேயர் கையில் காபியோடு வெளியே வந்தவர் பார்த்தது இதுதான்: பேத்தியின் கழுத்தில் ஒரு பைத்தியத்தின் கத்திரிக்கோல். உலகத்தில் எந்தத் தாத்தாவும் வேறு விதமாகப் பார்த்திருக்க முடியாது. அவர் போட்ட கூச்சலில் பஞ்சர் கடைக்காரர் வந்தார், ரோட்டில் போன இரண்டு பேர் வந்தார்கள், பக்கத்து வீட்டுக் கொத்தனார்கள் வந்தார்கள். இழுத்துத் தெருவில் போட்டார்கள். டெய்லர் கத்திரிக்கோலை விடவில்லை. அதை விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல் இறுகப் பிடித்திருந்தார். அதைப் பிடுங்குவதற்காக யாரோ அந்தக் கையை மிதித்தார்கள். மிதித்தவர் ஒருமுறையோடு நிறுத்தவில்லை.

அக்கா அவர்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். முதுகில் நாலைந்து அடி விழுந்தது. பொம்பளையை அடிக்காதே என்று யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கை நின்றது. அடியில் கிடந்தவர் முனகவில்லை. "சின்னதா இருக்குக்கா, மூச்சு முட்டும், சொல்லுங்க அவங்ககிட்ட" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியது அதுதான்.

குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. கழுத்துத் தையல் மட்டும் பாதி பிரிந்து தொங்கியது.

போலீஸ் வந்தது, ஆஸ்பத்திரி வேன் வந்தது. வலது கையில் மூன்று எலும்பு நொறுங்கியிருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மெஷின்மேல் பாதி தைத்த சட்டை கிடந்தது. தங்கை அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்காவிடம் ஒன்றும் கேட்காமல் போனாள்.

திங்கட்கிழமை டிரஸ்ட் செயலாளரும் டாக்டரும் இல்லத்துக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே போனார். ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து போயிருக்கிறது. அப்படியிருந்தும் இவ்வளவு மோசமாக நோய் திரும்பியிருக்கிறது என்றால் இந்த மருந்து இவருக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம் என்றார். இன்னும் கடுமையான மருந்து ஒன்று இருக்கிறது, வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும், வேறு வழியில்லை என்றார். இனி இவர் இல்லங்களில் இருக்கத் தகுதியில்லை என்றும் எழுதத் தொடங்கினார். செயலாளர் அக்காவைப் பார்த்து, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, அடிவாங்கிக் காப்பாற்றியிருக்கிறீர்கள், டிரஸ்ட் அதை மறக்காது என்றார்.

சும்மா இருந்தால் போதும். அவளைத் தவிர உண்மை தெரிந்த ஒரே மனிதர் கையில் மாவுக்கட்டோடு வார்டில் கிடந்தார். அவர் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? அக்கா ரிஜிஸ்டரின் மேல் கை வைத்தாள்.

"அந்த டிக்கெல்லாம் பொய் டாக்டர்" என்றாள். "ஏழு வாரமா அவர் மாத்திரையே போடல. எனக்குத் தெரியும்."

திரைச்சீலையிலிருந்து பால் டம்ளர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். செயலாளரின் முகம் சுண்டிப்போனது. ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்றார், அவளைப் பார்க்காமல். டாக்டர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ ஒன்று இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைப் பாதியா குறைச்சிருப்பேனேம்மா."

"வார்டுக்கு அனுப்பியிருக்க மாட்டீங்களா?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "தெரியல" என்றார்.

கடுமையான மருந்து பற்றிய பேச்சு நின்றது. தகுதியில்லை என்று எழுதிய தாளையும் டாக்டர் கிழித்துப் போட்டார். அவள் வாய் திறந்ததால் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் தலையில் விடிந்தது. அன்றே வேலை போனது. இனி அவள் இந்த மாதிரி எந்த இல்லத்திலும் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஆறு பேரும் கூடத்தில் நின்றார்கள். செய்தி வாசிக்க ரேடியோவுக்குக்கூட வாய் வரவில்லை. வாத்தியார், நாளைக்குக் குளித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று கேட்டார்.

தெருவைத் தாண்டி சர்வேயர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததற்கு நான்தான் காரணம், அவர் இல்லை என்று சொல்லிக் கை கூப்பினாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ சொல்றது புரியுதும்மா. குழந்தையும் அதையேதான் சொல்லுது, மாமா கழுத்தைப் பெரிசு பண்ணித் தரேன்னாருன்னு. ஆனா நான் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குதே."

மறுபடியும் மனுப் போட்டார்கள். இந்த முறை தெருவில் ஒருவர் விடாமல் கையெழுத்து. இல்லத்தை மூடாமல் இருக்க டிரஸ்ட் ஒரு நிபந்தனைக்குச் சம்மதித்தது: வாசல் கேட்டுக்கு இனிப் பூட்டு, சாவி பொறுப்பாளரிடம். ஒரு தப்பும் செய்யாத ஆறு பேர் தெருவை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

அக்காவுக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை விடுமுறை. வியாழக்கிழமைதான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நாளும். உறவு இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். தங்கையிடம் போய்க் கையெழுத்துக் கேட்டாள். முதல் தடவை முகத்தில் அடித்தாற்போல் கதவு சாத்தப்பட்டது. மூன்றாம் தடவை தங்கை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்காக இல்ல. எனக்கு வாராவாரம் போக முடியல, அதனாலதான்" என்றாள்.

பழைய வார்டு. அவள் பதினாறு வருஷம் துடைத்த தரை. டெய்லர் கோடிக் கட்டிலில் இருந்தார். பாதி அளவு மருந்து, கொஞ்சம் நடுக்கம். வலது கையின் கட்டு பிரித்திருந்தார்கள். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். ஊர்வம்பு, துவைக்கிற இடத்துக் கதை என்று எதையாவது பேசிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, தான் போவது அவருக்கு ஆறுதலா, இல்லை தண்டனையா என்று யோசிப்பாள். விடை கிடைக்காது. மறு வியாழன் கிளம்பிவிடுவாள்.

ஆறாவது வாரம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாத்தியார் சாப்பிடறாரா?"

தெரியாது என்றாள். தெரிந்துகொண்டு வருகிறேன் என்றாள். மறுநாள் வேலை முடிந்து அந்தத் தெருவுக்குப் போனாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று மணியடித்தாள். புதுப் பொறுப்பாளர் சின்ன வயசுப் பெண், மரியாதையாகப் பேசினாள். உள்ளே விட எனக்கு அனுமதியில்லை என்று வருத்தமாகச் சொன்னாள். வாத்தியாரைப் பற்றிக் கேட்டதற்கு, சரியாகச் சாப்பிடுவதில்லை, பாதித் தட்டை அப்படியே வைத்துவிடுகிறார், பேன்ட் மறுபடி இடுப்பில் நிற்பதில்லை என்றாள்.

ஒரு வாரம் முழுக்க அக்கா அதைச் சுமந்தாள். நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டால் என்ன, உடம்பு தேறுகிற மனுஷனை ஏன் நோகடிக்க வேண்டும் என்று பல தடவை நினைத்தாள். வியாழக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

டெய்லர் தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பால்ல போட்டீங்க."

"ஆமா. போட்டேன்."

"நான் உங்களை நம்பினேன்."

"தெரியும்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றார். செம்பை எடுத்துக்கொண்டு வராந்தாக் குழாய்க்குப் போனாள். அவர் பார்க்கிற இடத்தில் நின்றே பிடித்தாள்.

திரும்பும் வழியில் அலுவலக அறையில் விசாரித்தாள். டாக்டர் தன் பங்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், மறுபடியும் ஏதாவது ஒரு இல்லத்துக்கு அனுப்பலாம் என்று. இருக்கிற இல்லங்கள் நாலு. காத்திருப்போர் பட்டியலில் டெய்லர் முப்பத்தெட்டாவது. போன வருஷம் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கேட்டாள். குமாஸ்தா தாளைப் புரட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கு" என்றார்.